புறா ஈயும் கோழி அம்மையும்: மருந்துக்கு முன்னால் நாள்கணக்கு

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஏர்கான் கம்ப்ரசர் வைக்கும் திண்டில் கூடு கட்டிய புறாவின் குஞ்சு ஒன்று கீழே விழுந்துகிடந்தது. அதை அட்டைப்பெட்டியில் எடுத்து வைத்தீர்கள். மறுநாள் அதன் இறகுகளுக்குள்ளிருந்து தட்டையான பழுப்புநிற ஈக்கள் நண்டைப்போலப் பக்கவாட்டில் ஓடின, அவற்றில் ஒன்று உங்கள் சட்டைக்குள் புகுந்து கடித்தது. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. அதே வாரத்தில், மன்னார்குடிப் பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கும் உங்கள் அம்மா, கோழிகளின் கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் கட்டியிருப்பதாகத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒரே பூச்சியின் வேலையா, எந்த மருந்தை அடிக்கலாம் என்று கேட்கிறீர்கள்.

இரண்டும் ஒரே பூச்சியின் வேலை இல்லை. உங்கள் வீட்டில் ஓடியது புறா ஈ. அம்மாவின் கோழிகளுக்கு வந்திருப்பது, நீங்கள் விவரித்ததைக் கொண்டு பார்த்தால், கொசு பரப்பும் கோழி அம்மை. இரண்டு பூச்சிகளும் இரத்தம் குடிப்பவை, இரண்டும் ஈரிறக்கை இனத்தைச் சேர்ந்தவை என்பதோடு ஒற்றுமை முடிந்துவிடுகிறது. ஒன்று, வளர்ந்த ஈயானபின், தன் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பறவையின் உடம்பிலேயே கழிக்கிறது. மற்றொன்று சில நிமிடங்கள் வந்து குடித்துவிட்டுப் பறந்துவிடுகிறது. எந்தப் பூச்சி எங்கே வளர்கிறது, முட்டையோ கூட்டுப்புழுவோ முதிர்ந்து பறக்க எத்தனை நாள் ஆகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பறவை மருத்துவமனையில் உதவியாளராக நான் கழித்த ஆண்டுகளில், மருந்துக் குப்பியைத் தேடி ஓடியவர்களைவிட நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டவர்களே இந்தத் தொல்லையிலிருந்து முழுமையாக விடுபட்டதைப் பார்த்திருக்கிறேன்.

புறா ஈயிலிருந்து தொடங்குகிறேன். அறிவியலில் இதற்குச் சூடோலிஞ்சியா கனாரியென்சிஸ் என்று பெயர். பேனைப்போல ஒட்டி வாழ்வதால் பேன் ஈ என்று சொல்லப்படும் ஹிப்போபோசிடே குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 200 இனங்கள் உண்டு, பெரும்பாலானவை பறவைகளின்மேல் வாழ்பவை. உடம்பு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். மேலிருந்து கீழாக நசுக்கப்பட்டதுபோல் தட்டையான அமைப்பும், இறகிழைகளைப் பற்றிக்கொள்ளும் கொக்கி நகங்களும் இருப்பதால், அலகால் கோதியெடுக்க முயலும் புறாவிடமிருந்தும் அது பெரும்பாலும் தப்பிவிடுகிறது. விரல்களுக்கிடையே பிடித்து நசுக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தோல்துண்டைப்போல அவ்வளவு கெட்டியாக இருக்கும். ஆணும் பெண்ணும் இரண்டுமே இரத்தம் குடிக்கும். கொசுவில் பெண் மட்டுமே கடிக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கும்.

இந்த ஈயின் பிள்ளைப்பேறுதான் எனக்கு இன்றும் வியப்பளிப்பது. அது முட்டையிடுவதில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு புழு தாயின் வயிற்றுக்குள்ளேயே, தாய் சுரக்கும் பால் போன்ற திரவத்தைக் குடித்து முழு வளர்ச்சி அடைகிறது. பிறகு தாய் பறவையை விட்டு இறங்கி, கூட்டின் குப்பையிலோ சுவரின் இடுக்கிலோ அந்தப் புழுவை இட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது. வெளியே வந்த புழு எதையும் உண்பதில்லை; சில மணி நேரத்திலேயே மேல்தோல் இறுகி, கருமிளகைப்போன்ற, ஆனால் அதைவிடச் சிறிய, ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அளவுள்ள பளபளப்பான உருண்டையாகிவிடுகிறது. அதுதான் கூட்டுப்புழு. அதிலிருந்து புதிய ஈ வெளிவர 25 முதல் 31 நாள்வரை ஆகும். வளர்ந்த ஈ ஏறத்தாழ ஒன்றரை மாதம் வாழ்கிறது, அந்த வாழ்நாள் முழுவதிலும் ஒரு பெண் ஈ ஈனுவது நான்கு அல்லது ஐந்து குஞ்சுகளே.

ஒரே முறையில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இடும் கொசுவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். புறா ஈ மிக மெதுவாகப் பெருகும் உயிர். அதன் அடுத்த தலைமுறை முழுவதும் ஒரு மாதக் காலம் அசையாமல், ஓட முடியாமல், கூட்டின் குப்பையில் கிடக்கிறது. 15 முதல் 20 நாளுக்கு ஒரு முறை கூட்டின் குப்பையை முழுவதுமாக வாரி, பையில் இறுகக் கட்டி அப்புறப்படுத்திவிட்டால், எந்தக் கூட்டுப்புழுவுக்கும் ஈயாக வெளிவரும் அவகாசம் கிடைப்பதில்லை. பந்தயப் புறா வளர்ப்பவர்கள் கடைப்பிடிக்கும் பழைய முறை இதுதான், இதைவிட உறுதியான ஒன்றை நான் கண்டதில்லை. 40 நாளுக்கு ஒரு முறை கூட்டைச் சுத்தம் செய்பவருக்கு இந்தப் பலன் கிடைப்பதில்லை. ஏனென்றால் அவர் வாருவதற்குள் முதலில் இடப்பட்ட கூட்டுப்புழுக்கள் ஈயாகிப் பறந்து, வெற்று ஓடுகளே மிஞ்சியிருக்கும்.

குழந்தையைப் பற்றிய உங்கள் கவலைக்கு வருகிறேன். புறா ஈ மனிதரைக் கடிக்கும், கடித்தால் நன்றாக வலிக்கும், சிலருக்குக் கடித்த இடம் தடித்துச் சில நாள் அரிக்கும். ஆனால் மனித உடம்பில் அது வாழவோ பெருகவோ முடியாது. பறவையின் இரத்தம் கிடைக்காவிட்டால் சில நாள்களுக்கு மேல் அது பிழைப்பதில்லை. அது சுமந்து திரியும் ஹீமோபுரோட்டியஸ் கொலும்பே என்ற ஒட்டுண்ணியும் புறாக்களுக்கானது, மனிதருக்குத் தொற்றாது. எனினும் கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைக்குக் கடிபட்டு வீக்கம் பரவினால் மருத்துவரிடம் காட்டுங்கள். உண்மையில் குழந்தையை விலக்கி வைக்க வேண்டியது ஈயிடமிருந்து என்பதைவிடப் புறாவின் காய்ந்த எச்சத்திலிருந்துதான். அதைத் துடைப்பத்தால் பெருக்கித் தூசியைக் கிளப்பாமல், முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசமும் கையுறையும் அணிந்து துடைத்தெடுப்பது நல்லது.

அந்த ஒட்டுண்ணியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 1906ஆம் ஆண்டையொட்டி, அல்ஜீரியாவில் ஆய்வு செய்த சார்ஜன் சகோதரர்கள் இருவர், புறாக்களின் இரத்தத்தில் காணப்படும் இந்த நுண்ணுயிரைப் பரப்புவது இந்த ஈதான் என்று மெய்ப்பித்தார்கள். பாலூட்டிகளைப்போலன்றிப் பறவைகளின் சிவப்பணுவுக்குள் உட்கரு உண்டு. நோயுற்ற புறாவின் இரத்தத்தை ஒரு துளி கண்ணாடித் தகட்டில் தேய்த்து, ஜீம்சா சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், ஒட்டுண்ணி அந்த உட்கருவை அணைத்து வளைந்து கிடப்பது தெளிவாகத் தெரியும். வளர்ந்த புறாக்கள் பல, இதைச் சுமந்துகொண்டே யாதொரு குறையும் இல்லாமல் பறக்கின்றன. இறகு முளைக்கும் பருவத்துக் குஞ்சுகளுக்குத்தான் ஆபத்து: ஒரே குஞ்சின்மேல் பல ஈக்கள் சேர்ந்து இரத்தத்தை உறிஞ்சும்போது, ஒட்டுண்ணியின் வேலையும் அதனோடு சேர்ந்து, குஞ்சு வெளுத்துச் சோர்ந்துவிடுகிறது. உங்கள் குஞ்சின் வாயைத் திறந்து பாருங்கள். உட்புறம் இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளிறியிருந்தால் காலம் தாழ்த்தக்கூடாது.

இனி, மருந்து. வீட்டில் கரப்பான்பூச்சிக்கு வைத்திருக்கும் தெளிப்பானைப் பறவையின்மேல் அடிக்காதீர்கள். புறா வளர்த்த ஒருவர், ஈக்களைக் கண்டு பதறி, மூடிய அறையில் கூண்டோடு சேர்த்து அப்படிப்பட்ட தெளிப்பானை அடித்துவிட்டு, மறுநாள் காலையில் இறந்த குஞ்சுகளைத் துணியில் சுற்றிக்கொண்டு எங்களிடம் வந்தார். அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பறவையின் நுரையீரலோடு காற்றுப்பைகள் உடம்பெங்கும் பரவியிருப்பதால், நமக்குத் தும்மலை மட்டும் வரவழைக்கும் புகையும் தெளிப்பும் அதற்கு உயிருக்கே உலையாகிவிடும். பெர்மெத்ரின் கலந்த தூள்கள் பறவைகளுக்கென்று தயாரிக்கப்பட்டு விற்கப்படுகின்றன, அவற்றை மருத்துவர் சொன்ன அளவில் பயன்படுத்தலாம். ஆனால் வீட்டில் பூனையோ மீன்தொட்டியோ இருந்தால் அந்த மருந்து அவற்றுக்கு நஞ்சு என்பதை மறக்கக்கூடாது.

முட்டையிடும் கோழிகள் என்றால் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். கோழிகளின் சிவப்புச் செள்ளை ஒழிப்பதற்காக நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் பண்ணைகளில் பிப்ரோனில் என்ற மருந்து முறைகேடாகப் பயன்படுத்தப்பட்டு, 2017ஆம் ஆண்டு இலட்சக்கணக்கான முட்டைகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. நாய்க்கும் பூனைக்கும் உண்ணி மருந்தாகக் கடையில் கிடைப்பதும் அதே பிப்ரோனில்தான். நாய்க்கு நல்லது கோழிக்கும் நல்லது என்று எண்ணி ஊருக்கு வாங்கி அனுப்பிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டில் இருப்பது ஒரே குஞ்சு என்பதால் மருந்தே தேவைப்படாமல் போகலாம். வெள்ளைத் துணியை விரித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, குஞ்சை அதன்மேல் வைத்து, இறக்கையின் அடிப்பகுதியிலும் வால் அடியிலும் மெதுவாக இறகை விலக்கிப் பாருங்கள். ஓடும் ஈயை அகலமான ஒட்டுநாடாவின் பசைப்பக்கத்தால் தொட்டு எடுத்துச் சோப்பு நீரில் போட்டுவிடலாம். பெட்டிக்குள் விரித்த தாளை நாள்தோறும் மாற்றி, பையில் கட்டிக் குப்பைக்கூடையில் போடுங்கள். அடுத்த 40 நாள் திண்டுப் பக்கத்துச் சன்னலை மூடியே வைத்திருங்கள். கூட்டுக்குள் ஏற்கெனவே கிடக்கும் கூட்டுப்புழுக்கள் அந்த நாள்களுக்குள் ஈயாகி, புறா கிடைக்காமல் பசியால் இறந்துவிடும். தவறி அந்தக் குஞ்சு இறந்துவிட்டால், உடனே பையில் இட்டு வாயைக் கட்டிவிடுங்கள். உடல் குளிரத் தொடங்கியதும் ஈக்கள் அதை விட்டு வேறு இடம் தேடிக் கிளம்பிவிடும்.

அம்மாவின் கோழிகளுக்கு வருகிறேன். கொண்டை, தாடி, கண்ணிமை ஆகிய இறகில்லாத இடங்களில் முதலில் சிறு கொப்புளமும், பின்னர் கறுத்த பொருக்கும் கட்டுவது கோழி அம்மையின் தெளிவான அடையாளம். இது ஒரு வைரஸ். கொசு நோயுற்ற கோழியின் புண்ணில் வாய்வைத்துவிட்டு மற்றொன்றைக் கடிக்கும்போது, ஊசிமுனையில் ஒட்டியதைப்போல வைரஸ் கடத்தப்படுகிறது. கொசுவின் உடம்பில் அது பெருகுவதில்லை. பொருக்கு உதிர்ந்து விழுந்த இடத்தில் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஆகவே கொசு இல்லாத காலத்திலும் சண்டையிடும் கோழிகளின் கீறல் வழியே நோய் தொடர்ந்துகொண்டிருக்கும்.

வைரஸைக் கொல்லும் மருந்து எதுவும் இதற்குக் கிடையாது. தோல் வகை நோய் என்றால் மூன்று, நான்கு வாரத்தில் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். ஊரில் வழக்கமாகச் செய்வதுபோல மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துப் புண்ணில் தடவுவதை நான் தடுக்கமாட்டேன். புண்ணில் வேறு கிருமி சேராமல் இருக்க அது உதவும், ஈயும் மொய்க்காது. ஆனால் நோய் தொண்டைக்குள் மஞ்சள் படலமாகப் பரவியிருந்தால், அல்லது கண்மூடி இரை எடுக்க முடியாமல் போயிருந்தால், கைவைத்தியத்தோடு நிற்கக்கூடாது. இன்னும் நோய் வராத கோழிகளுக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் அம்மைத் தடுப்பூசியை இறக்கைச் சவ்வில் குத்தச் சொல்லுங்கள். நோய் தொடங்கிய பிறகும், மந்தையில் பெரும்பகுதி நலமாக இருக்கும்போதே போட்டால் பயன் உண்டு. ஏழு முதல் பத்து நாளில் குத்திய இடத்தில் சிறு வீக்கம் தென்பட வேண்டும். தென்படாவிட்டால் ஊசி பலிக்கவில்லை என்று பொருள்.

இங்கும் நாள்கணக்குதான். வெப்பநாட்டில் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாள் ஆகும். கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி, உடைந்த குடம், தென்னை மட்டையின் குழிவு ஆகியவற்றிலுள்ள நீரை வாரம் இரண்டு முறை கொட்டிக் கவிழ்த்தால் அந்தச் சுழற்சி அறுந்துபோகும். டெங்கிக்காகச் சிங்கப்பூர் வீடுகளில் நாம் பூச்சட்டித் தட்டைக் கவிழ்க்கும் அதே பழக்கம்தான். மாலையில் கோழிக்கூட்டுக்குள் வேப்பிலைப் புகை போடுவதைக் கம்பம் எனப்படும் பழைய சிற்றூர்களில் வளர்ந்த நம் பெரியவர்களும் நினைவுகூர்வார்கள். புகை கூட்டுக்கு வெளியே, காற்று வரும் பக்கத்தில் இருக்கட்டும், மூடிய கூட்டுக்குள் வேண்டாம்.

கொசுவோடு விட்டுவிட முடியாத இன்னொரு பூச்சி உண்டு. மலாய்மொழியில் அகாஸ் என்றும், இங்கே பலர் மணல் ஈ என்றும் சொல்லும் கியூலிகாய்டஸ், 1 முதல் 3 மில்லிமீட்டர் அளவே உள்ளது. ஈரச் சேற்றிலும் நெல்வயல் ஓரத்திலும் வளர்கிறது. சாதாரணக் கொசுவலையின் கண்ணில் நுழைந்து வந்துவிடும், அதைத் தடுக்க 0.6 மில்லிமீட்டருக்கும் குறைவான கண்ணுள்ள வலை வேண்டும். கிழக்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் கியூலிகாய்டஸ் அரகாவே என்ற இனம், லூகோசைட்டோசூன் கால்லெரியி என்ற ஒட்டுண்ணியைக் கோழிகளுக்குக் கடத்துகிறது. வட வியட்நாமான டாங்கினில் கண்டெடுக்கப்பட்டு 1909ஆம் ஆண்டு விவரிக்கப்பட்ட அந்த நோய் மிகக் கொடியது: கொண்டை வெளுக்கும், எச்சம் பச்சையாகும், முட்டை குறையும், உள்ளுறுப்புகளில் இரத்தம் கசிந்து கோழி திடீரென இறக்கும். மன்னார்குடி நெல்வயல் சூழ்ந்த ஊர் என்பதால் இதைச் சொல்கிறேன். கொப்புளம் இல்லாமல் கொண்டை மட்டும் வெளுத்த கோழி இறந்தால், அதை அம்மை என்று எண்ணிப் புதைத்துவிடாமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். இந்தப் பூச்சி பலமாகப் பறக்கத் தெரியாதது. கூண்டின் பக்கம் ஒரு மின்விசிறி ஓடினாலே நெருங்கத் திணறும். சிங்கப்பூரில் மெர்போக் என்ற சிறு புறாவை வளர்ப்பவர்கள் இரவில் கூண்டுக்குத் துணி போர்த்தும் பழக்கமும் கடிக்கும் பூச்சிகளிடமிருந்து காப்பதால் மிக நல்லது.

பறவைகளைக் கடிக்கும் கொசுவுக்கு மருத்துவ வரலாற்றில் பெரிய இடம் உண்டு. மலேரியா கொசுக்கடியால் பரவுகிறது என்பதை ரொனால்ட் ராஸ் 1898ஆம் ஆண்டு கல்கத்தாவில் முழுமையாக மெய்ப்பித்தது பறவைகளை வைத்துத்தான். அதற்காக 1902ஆம் ஆண்டு அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. கோழிகளைத் தாக்கும் பிளாஸ்மோடியம் காலினேசியம் என்ற மலேரியா ஒட்டுண்ணி தெற்காசிய, தென்கிழக்காசியக் காட்டுக்கோழிகளோடு நெடுங்காலம் பழகியது என்பதால் அவற்றைப் பெரிதாக வருத்துவதில்லை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட வளர்ப்புக் கோழிகளிலோ நூற்றுக்கு 90 வரை இறக்கக்கூடும். சிங்கப்பூரின் உபின் தீவில் திரியும் சிவப்புக் காட்டுக்கோழியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும்: நோயோடு வாழக் கற்ற இனம் ஒன்று, கற்காத இனம் ஒன்று.

கற்காத இனத்துக்கு என்ன ஆகும் என்பதை ஹவாய்த் தீவுகள் காட்டிவிட்டன. 1826ஆம் ஆண்டு கப்பல் வழியாக அங்கே வந்துசேர்ந்த கியூலக்ஸ் கொசு, பிறகு பறவை மலேரியாவைப் பரப்பி, தேன்சிட்டைப்போன்ற உள்ளூர்ப் பறவையினங்கள் பலவற்றின் அழிவுக்குக் காரணமாயிற்று. ஈஈவி என்ற சிவப்புப் பறவைகளை வைத்து நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், நோய்க்கொசு ஒரே ஒரு முறை கடித்த பறவைகளில் பத்தில் ஒன்பது இறந்தன. 2023ஆம் ஆண்டு முடிவில் அங்கே மௌயித் தீவில், வொல்பாக்கியா நுண்ணுயிர் ஏற்றிய ஆண் கொசுக்களைக் காட்டில் விடத் தொடங்கினார்கள். 2016 முதல் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வட்டாரங்களில் ஏடிஸ் கொசுவை ஒடுக்குவதற்காக விடப்படுகிற ஆண் கொசுக்களின் தத்துவமும் இதுவே: கடிக்காத ஆண், இணைசேர்ந்தாலும் முட்டை பொரியாது. ஈசூனிலும் அவை தொடக்கத்திலேயே விடப்பட்டன. உங்கள் புளோக்கின் கீழே பறப்பவை டெங்கிக்கானவை. அதே வழிமுறை அங்கே ஒரு பறவையினத்தையே காக்க முயல்கிறது என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது.

வளர்ந்த ஈ கடிக்காமல், அதன் புழு மட்டுமே கூட்டில் ஒளிந்திருந்து இரவில் குஞ்சுகளின் இரத்தத்தை உறிஞ்சும் வகையும் உண்டு. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பாசெரோமையா இனங்கள் அப்படிப்பட்டவை. காலாபாகஸ் தீவுகளில் வெளியிலிருந்து வந்து பரவிய பிலோர்னிஸ் டவுன்சி, டார்வினின் குருவிகளுக்குப் பெரும் கேடாகியிருக்கிறது. அங்கே ஆய்வாளர்கள் பெர்மெத்ரின் தோய்த்த பஞ்சைக் கம்பிக்கூட்டில் வைத்தார்கள். குருவிகள் அதைத் தாமே எடுத்துக் கூட்டில் நெய்துகொண்டன. ஏறக்குறைய 1 கிராம் பஞ்சு இருந்த கூடுகளில் புழுக்கள் அநேகமாக இல்லாமலே போயின. பறவையின்மேல் எதையும் தெளிக்காமல், பூச்சி வளரும் இடத்துக்கு மருந்தைக் கொண்டுசேர்த்த முறை இது.

கடைசியாக உங்கள் திண்டு. குஞ்சு தேறும்வரை வீட்டில் வளர்க்கலாம் என்று எண்ணாமல், தேசியப் பூங்காக் கழகத்தைத் தொடர்புகொண்டு ஒப்படைப்பதே நல்லது. திண்டிலோ கீழ்த்தளத்திலோ புறாக்களுக்கு இரை போடும் அண்டைவீட்டார் இருந்தால், வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளிவரை அபராதம் விதிக்கப்படலாம் என்பதை அன்பாக எடுத்துச் சொல்லுங்கள். இரை நின்றால் கூடு குறையும். கூட்டில் முட்டையோ உயிருள்ள குஞ்சோ இல்லை என்று உறுதிசெய்த பிறகே அதை அகற்ற வேண்டும். உங்கள் திண்டு உயரத்தில் இருப்பதால் சன்னல் வழியே எட்டி வேலை செய்யாமல், ஏர்கான் பழுதுபார்ப்பவரையோ நகர மன்றத்தையோ அழையுங்கள். சுத்தம் செய்த அன்றைய தேதியைக் குறித்துவைத்து, 18 நாள் கழித்து மீண்டும் ஒரு முறை அந்த இடுக்குகளைத் துடைக்கச் சொல்லுங்கள். முதல் முறை கண்ணில் படாத கறுத்த உருண்டைகள் அப்போது இன்னும் பொரியாமல் அங்கேயே கிடக்கும்.